கோல்ஃப் மட்டையும் குழாய் சுருட்டும் கையும்

சாத்தூர் பேனா நிப்பு பற்றி எழுதிய போன பதிவைப் படித்துவிட்டுப் பலர் போன் செய்தீர்கள். "டீச்சர், அடுத்து காராச்சேவு பற்றி எழுதுங்க" என்றும் சிலர் கேட்டீர்கள். அது இன்னொரு நாள் ஆகட்டும். இன்று நம் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத கோல்ஃப் மட்டையைப் பற்றி எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தேன். பேரன் கிரிக்கெட் விளையாட மூன்று ஸ்டம்பு நட்டிருந்தான். இரண்டு மரக்குச்சி. மூன்றாவது மட்டும் கறுப்பாக, வழவழவென்று இருந்தது. பக்கத்துக் குடியிருப்பில் யாரோ உடைத்துக் குப்பையில் போட்ட கோல்ஃப் மட்டையின் தண்டாம். வாங்கிப் பார்த்தேன். முழ நீளத்துக்கு மேல் இருக்கிறது, கையில் எடையே தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உடைந்த முனையை உற்றுப் பார்த்தேன். உள்ளே பொந்து. சுவர் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த மெல்லிய சுவருக்குள்ளும் அடுக்கு அடுக்காகச் சுற்று தெரிந்தது. சுருட்டிச் செய்த குழாய்!

எனக்கு உடனே பெரியம்மா வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவாக வெட்டிய தாள், மைதாப் பசை, ஒரு இரும்புக் கம்பி. தாளின் ஓரத்தைக் கம்பியில் ஒட்டி, பலகையில் வைத்து ஒரே உருட்டு. கம்பியை உருவினால் குழாய். பிறகு வெயில். பெரியம்மா பேசிக்கொண்டே சுருட்டுவார், கை மட்டும் நிற்காது. விடுமுறைக்குப் போனால் நானும் உட்காருவேன். ஒருநாள் தாளைக் குறுக்காகத் திருப்பி வைத்துச் சுருட்டினேன். குழாய் சரியாக இறுகவே இல்லை. "தாளுக்கும் ஓட்டம் உண்டுடி, அதைப் பாத்து வையி" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர். காகிதத்துக்குள் இருக்கும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கின்றன என்பதைக் கை வழியாகத் தெரிந்துவைத்திருந்தார். சந்தேகம் இருந்தால் பழைய செய்தித்தாளை மேலிருந்து கீழாகவும், பிறகு பக்கவாட்டிலும் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நூல் பிடித்த மாதிரி நேராகக் கிழியும். மறுபக்கம் கோணல்மாணலாகப் போகும்.

அந்தக் கறுப்புத் தண்டின் இரகசியமும் இந்த 'ஓட்டம்'தான். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

கோல்ஃப் ஸ்காட்லாந்துக்காரர்களின் விளையாட்டு. வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அதையும் கொண்டுபோனார்கள். பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் சங்கம் நம் கல்கத்தாவில்தான், 1829-ல் தொடங்கியது. பிறகு சென்னை கிண்டி, ஊட்டி, கொடைக்கானல் என்று இங்கேயும் வந்தது. கொடைக்கானலுக்கு நாம் சுற்றுலா போனபோது பேருந்து சன்னலில் இருந்து பச்சைப் பசேல் என்ற மைதானத்தைப் பார்த்து "இங்க மாடு மேயாதா டீச்சர்?" என்று கேட்டவர் இதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும்!

அக்காலத்து மட்டைகளின் தண்டு மரம். முதலில் அவர்கள் ஊரில் கிடைத்த மரங்கள், 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி என்ற கெட்டி மரம். நன்றாக வளையும், சீக்கிரம் முறியாது. ஆனால் மரம் மரம்தானே. ஒரு தண்டு போல் இன்னொன்று இருக்காது. பதினாலு மட்டை வைத்திருந்தால் பதினாலும் பதினாலு குணம். மழையில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் 1930-ல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றது இந்த மரத்தண்டு மட்டைகளால்தான்.

அடுத்தது எஃகுக் குழாய். அமெரிக்காவில் 1920-களிலேயே அனுமதித்தார்கள். ஸ்காட்லாந்தின் புனித ஆண்ட்ரூஸ் சங்கம் முரண்டு பிடித்து, 1929-ல்தான் ஒப்புக்கொண்டது. அடுத்த இரண்டே ஆண்டில், 1931-ல், பில்லி பர்க் எஃகுத் தண்டோடு அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். மரத்தின் காலம் முடிந்தது. எஃகின் வில் குணத்தை நிப்பு செய்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? அழுத்தினால் விரியும், விட்டால் பழைய நிலைக்கு வரும். ஒன்று போலவே ஆயிரம் செய்யலாம். ஒரே குறை எடை. எஃகுத் தண்டு ஏறத்தாழ 120 கிராம் வரும். அது குறைந்தால் மட்டையை இன்னும் வேகமாக வீசலாம். குழாய்ச் சுவரை மெலிதாக்கிப் பார்த்தார்கள். ஓரளவுக்கு மேல் மெலிந்தால் நசுங்கிவிடும். அங்கே நின்றது.

இனி கரியின் கதைக்கு வருவோம். எடிசன் 1879-ல் பருத்தி நூலைக் கரியாக்கி விளக்கில் எரியவைத்தார் என்று உங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறேன். அதன்பின் மூங்கில் நாரையும் கரியாக்கினார். அதுவும் கார்பன் இழைதான், ஆனால் தொட்டால் உதிரும். 1958-ல் அமெரிக்காவில் ரோஜர் பேகன் என்ற இயற்பியலாளர் எஃகைவிடப் பல மடங்கு வலுவான கார்பன் இழைகளை ஆய்வுக்கூடத்தில் கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில், ஒசாகா அரசு ஆய்வு நிலையத்தில் அகியோ ஷிண்டோ வேறு வழி பிடித்தார். நாம் போடும் ஸ்வெட்டரில் இருக்கிறதே அக்ரிலிக் நூல், அந்த வகை இழையைக் கரியாக்கலாம் என்று காட்டினார். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வில்லியம் வாட்டும் அவரது தோழர்களும் 1963, 64 வாக்கில் அதை இன்னும் மேம்படுத்தினார்கள். சூடாக்கும்போது இழையைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தால் உள்ளே கார்பன் அணுக்கள் நீளவாக்கில் வரிசையாகப் படியும், வலு கூடும்.

செய்முறையை நம் ஊர்க் கரிமூட்டத்தோடு ஒப்பிட்டால் எளிதாகப் புரியும். சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி, மண் போட்டு மூடி, காற்று புகாமல் புகையவிடுகிறோம். காற்று புகுந்தால் கிடைப்பது சாம்பல், புகாவிட்டால் கரி. கார்பன் இழையும் அப்படித்தான். முதலில் 200, 300 டிகிரி சூட்டில் காற்றோடு பக்குவப்படுத்துவார்கள். அப்புறம் காற்றில்லாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல். வெள்ளை நூல் கறுப்பு நூலாக வெளியே வரும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்கும்.

வைரத்தைப் போல விலை. வாங்க யார் வருவார்கள்? விமானக் கம்பெனிகள் வரும் என்று நம்பினார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் தன் புதிய விமான எஞ்சினுக்குக் கார்பன் இழையில் விசிறி இதழ்கள் செய்தது. பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க, செத்த கோழியை வேகமாக எறிந்து சோதிப்பது வழக்கம். 1970-ல் நடந்த அந்தச் சோதனையில் இதழ்கள் நொறுங்கின. டைட்டானியத்துக்கு மாறினார்கள். அந்த எஞ்சினுக்குக் கொட்டிய பணம் கழுத்தை நெரிக்க, 1971 பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸே திவாலானது. அரசாங்கம் எடுத்து நடத்தவேண்டி வந்தது.

விமானம் கைவிட்ட கார்பன் இழையைக் காப்பாற்றியவர்கள் யார் தெரியுமா? கோல்ஃப் ஆடுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும்!

அமெரிக்காவில் ஷேக்ஸ்பியர் என்றொரு கம்பெனி. நாடக ஆசிரியர் இல்லை, தூண்டில் கம்பு செய்கிறவர்கள். அங்கே வேலை பார்த்த பொறியாளர் ஃபிராங்க் தாமஸ் 1969-ல் கார்பன் இழையில் முதல் கோல்ஃப் தண்டை வடிவமைத்தார். எஃகில் பாதி எடை. ஆனால் ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பந்து எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியவில்லை. தண்டு முறுக்கிக்கொண்டது.

ஏன் முறுக்கியது? இங்கேதான் வகுப்பு. வீட்டில் சாக்பீஸ் இருந்தால் இரண்டு எடுங்கள். ஒன்றை இரு கையாலும் பிடித்து வளைத்து ஒடியுங்கள். நேர் குறுக்காக ஒடியும். இரண்டாவதை வளைக்காமல், ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கி ஒடியுங்கள். ஒடிந்த முகம் திருகாணி போலச் சாய்ந்து, 45 பாகைக் கோணத்தில் சுற்றிப் போகும். எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான். முறுக்கும்போது பொருளுக்குள் ஏற்படும் இழுவிசை அந்தச் சாய்கோட்டில் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கோல்ஃப் மட்டையில் இரண்டும் நடக்கும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது தண்டு வளைகிறது. பந்து படுகிற இடம் தண்டின் நேர்கோட்டில் இல்லாமல், தலையில் ஓரமாகத் தள்ளி இருப்பதால் முறுக்கவும் செய்கிறது. பந்து மட்டையோடு ஒட்டியிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்தக் கணத்தில் தலை இம்மி திரும்பியிருந்தால் பந்து காட்டுக்குள். எஃகுக்கு எல்லாத் திசையும் ஒன்று, வளைவையும் முறுக்கையும் சேர்த்தே தாங்கும். கார்பன் இழை அப்படி இல்லை. இழை ஓடுகிற திசையில் மட்டும் பீமன். குறுக்கே அதைப் பிடித்திருப்பது எபாக்சிப் பிசின் மட்டும்தான், அதில் வலு கிடையாது.

ஆகவே இழை எந்தத் திசையில் ஓடவேண்டும் என்பதே வடிவமைப்பு ஆகிவிட்டது. இப்போது செய்கிற முறையைப் பாருங்கள், நம் திண்ணைதான். பிசினில் ஊறிய கார்பன் தாள்களைக் குளிர்பெட்டியில் வைத்திருப்பார்கள். தாளில் இழைகள் எல்லாம் ஒரே பக்கம் ஓடும். வளைவைத் தாங்க, தண்டின் நீளவாக்கில் இழை ஓடும்படி சில தாள்கள் வெட்டுவார்கள். முறுக்கைத் தாங்க, 45 பாகை சாய்த்து வெட்டிய தாள்கள், ஒன்று இடப்பக்கம் சாய்ந்தது, ஒன்று வலப்பக்கம் சாய்ந்தது. நம் சாக்பீஸ் ஒடிந்த அதே கோணம்! குழாய் நசுங்காமல் இருக்கச் சில இடங்களில் வளையமாகச் சுற்றும் தாள். ஒருபக்கம் கூம்பிய எஃகுக் கம்பியில் இவற்றை வரிசையாகச் சுருட்டுவார்கள். மேலே பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றி உலையில் வேகவைப்பார்கள். பிசின் கெட்டிப்படும். கம்பியை உருவி, நாடாவை உரித்து, மேலே தேய்த்து, சாயம் பூசினால் தண்டு. கைப்பிடிப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன், தலைப்பக்கம் எட்டரை மில்லிமீட்டர்தான். மெலிந்த அந்த முனைக்கு மட்டும் கூடுதலாக ஒரு துண்டுத் தாள்.

மைதாவுக்குப் பதில் எபாக்சி, வெயிலுக்குப் பதில் உலை. மற்றதெல்லாம் பெரியம்மா செய்ததே. கூலியை மட்டும் ஒப்பிடாதீர்கள், மனசு கஷ்டப்படும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. எஃகுக் குழாயைக் கெட்டியாக்கினால் வளைவும் முறுக்கும் சேர்ந்தே குறையும். இங்கே சாய்ந்த தாளை ஒன்று கூட்டினால் பெருமளவு முறுக்குதான் குறையும், வளைவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நேர்தாளைக் கூட்டினால் வளைவுதான் குறையும். வெளியே பார்த்தால் இரண்டு தண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. உள்ளே ஓட்டம் வேறு. வயதானவருக்கு ஒன்று, வாலிபருக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்ய முடிந்தது இதனால்தான். இன்று 50, 60 கிராமில்கூடத் தண்டு வருகிறது. குறை இல்லாமல் இல்லை. எஃகு அடிபட்டால் வளைந்து நின்று எச்சரிக்கும். இது உள்ளே அடுக்கு விட்டுப்போனாலும் வெளியே நன்றாகத் தெரியும், ஒருநாள் பட்டென்று ஒடியும். பேரனின் ஸ்டம்பு அப்படி வந்ததுதான்.

1972-ல் ஜப்பானில் நடந்த பெரிய போட்டி ஒன்றில் கே பிரூவர் என்ற அமெரிக்கர் கறுப்புத் தண்டு மட்டையோடு ஆடி வென்றார். ஜப்பானில் எல்லாருக்கும் கறுப்புத் தண்டு மோகம். அங்கே டோரே என்ற துணிநூல் கம்பெனி முந்தைய ஆண்டுதான் கார்பன் இழையை விற்பனைக்குச் செய்யத் தொடங்கியிருந்தது. கோல்ஃப் தண்டும் தூண்டில் கம்பும் அதன் உலைகளை அணையாமல் வைத்திருந்தன. பிற்பாடு டென்னிஸ் மட்டை வந்தது. விமானக்காரர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். 2009-ல் முதன்முதலில் பறந்த போயிங் 787-ன் எடையில் பாதி இந்த வகைக் கூட்டுப்பொருள். அதற்கு இழை கொடுப்பதும் அதே டோரே. பணக்காரர் பொழுதுபோக்கு என்று நான் கேலி செய்த விளையாட்டுதான் ஒரு பெரிய தொழிலுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் நாட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. இங்கே இந்தப் பொருட்களை வளர்த்தது ராக்கெட். தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட் பறந்த காலத்திலிருந்து அங்கே இருந்தவர் நம் பக்கத்து மாவட்டத்து அப்துல் கலாம். இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் கூட்டுப்பொருள் பிரிவை அங்கே கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. மேலே போகப் போக ஒவ்வொரு கிலோவும் பாரம் அல்லவா? அதனால் அதன் மேல் கட்டங்களுக்கு இழையைச் சுற்றிச் செய்த கூடு. பிறகு ஹைதராபாத்தில் ஏவுகணை ஆய்வகத்துக்கு இயக்குநராகப் போனார். 1989 மே மாதம் அக்னி பறந்தது.

அடுத்து நடந்ததை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கே கிடந்த ஏவுகணைப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, அதன் எடையில் அசந்துபோனார். கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போய் போலியோ பாதித்த குழந்தைகளைக் காட்டினார். ஒவ்வொரு காலிலும் மூன்று கிலோவுக்கு மேல் இரும்புக் கேலிப்பர். இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் ஆய்வகக்காரர்கள் 300 கிராமில் செய்து கொடுத்தார்கள். எடை மட்டும் குறையவில்லை. பழையது தொடை வரை இரும்புச் சட்டம் போட்டு முழங்காலைப் பூட்டும். புதியது முழங்காலுக்குக் கீழேதான். கணுக்காலை அசையாமல் பிடித்து, முன்பக்கம் முழங்காலுக்குக் கீழே தாங்கிக்கொள்ளும். காலை ஊன்றும்போது தரை திருப்பித் தருகிற விசையே முழங்காலைப் பின்னால் தள்ளி நேராக நிறுத்தும். நியூட்டனின் மூன்றாம் விதியைக் காலில் கட்டிவிட்ட மாதிரி. எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாதுதான், தகுந்த பிள்ளைக்குப் பெரிய விடுதலை. தன் வாழ்வில் ராக்கெட்டைவிட இது மகிழ்ச்சி தந்தது என்ற பொருளில் அவர் பேசியதைத் தொலைக்காட்சியில் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், 1980-களில், மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒரு மாணவன். போலியோ. இடது காலில் இரும்புச் சட்டம், தோல் வார், கனமான பூட்ஸ். அவன் வருவது தாழ்வாரத்தில் திரும்பும்போதே தெரியும், 'டக்… டக்…' என்று. அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அதுதான் அவனுக்குப் பிடிக்காது. அவன் அம்மா ஒருநாள் பழைய இரும்புக்கடைத் தராசில் அதை நிறுத்துப் பார்த்தாராம். இரண்டே முக்கால் கிலோ. அவனுடைய புத்தகப் பையைவிட அதிகம். வைப்பாற்று மணலில் பிள்ளைகள் விளையாடப் போனால் இவன் கரையில் உட்கார்ந்திருப்பான். மணலில் அந்தக் கால் புதைந்துவிடும். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் நின்றுவிட்டான். உயர்நிலைப்பள்ளி ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "எம்புட்டுத் தூரம் டீச்சர், இம்புட்டையும் இழுத்துக்கிட்டு?" என்று அவன் அப்பா கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். ஒரு சைக்கிளுக்காவது ஏற்பாடு செய்திருக்கலாம், நாலு பேரிடம் கேட்டிருக்கலாம் என்று பின்னாளில் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அப்போது தோன்றவில்லை.

நம் நாட்டில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூத்தில் நின்று விரலில் மை வைத்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள், கேலிப்பரோடு.

பெங்களூரிலிருந்து திரும்பியதும் அந்த உடைந்த தண்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் கடைக்குப் போனேன். இப்போது சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், மகள் கல்லூரியில் படிக்கிறாள். தண்டைக் கொடுத்து, இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அதை விரலால் தட்டிப் பார்த்தான். பேன்ட்டை லேசாகத் தூக்கிக் காண்பித்தான். கார்பன் இல்லை, அளவெடுத்து வார்த்த பிளாஸ்டிக் கூடுதான், உள்ளே செருப்போடு போட்டுக்கொள்வது. அரைக் கிலோ கூட இருக்காதாம். கலாம் சொன்ன கதையை அவனும் கேட்டிருக்கிறான், அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போய் மாற்றிக்கொண்டானாம்.

"எழுதலாமாப்பா?" என்று கேட்டேன். "தாராளமா எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் போடாதீங்க" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சத்தமே இல்லாமப் போச்சு டீச்சர். நான் வீட்டுக்குள்ள வர்றதே யாருக்கும் தெரிய மாட்டேங்குது, செல்லை ஒளிச்சு வைக்க எம்பொண்ணுக்கு நேரமே இல்ல."

தண்டு அவனிடமே இருக்கிறது. பேரன் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.